சஹனில் ஆறாவது கை

உங்கள் மகனின் சுன்னத்துக்குக் கத்தி பிடித்தாரே ஒருவர், அவரோடு ஒரே சஹனில் கை வைத்து என்றைக்காவது சாப்பிட்டிருக்கிறீர்களா? அவசரப்பட வேண்டாம். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதில் வாழ்ந்த நூஹுவின் கதையைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நூஹு ஒஸ்தா. முடி வெட்டுவதும் பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்வதும் அவருடைய வாப்பாவின் தொழில். ஆகவே அவருக்கும் அதுவே. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மீசை முளைத்தவர்களில் பாதிப் பேர் சிறுவயதில் அவரைக் கண்டு அலறியவர்கள்தான். விருந்து வீட்டில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவதற்கு அந்தப் பக்கத்தில் சஹன் என்று பெயர். ஏழையும் பணக்காரனும் ஒரே தட்டில் கை வைப்பதைப் பார்த்தீர்களா என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமைக்குள் ஒஸ்தா அடங்கமாட்டார். எந்த மார்க்கக் கிதாபிலும் அப்படி எழுதியிருக்கவில்லை, எழுதாமலே நடந்தது. அவருக்குக் கொல்லைப்புறத்தில் தனிப் பீங்கான் தட்டு. நாற்பத்திரண்டு வயது வரை நூஹு அந்தப் பீங்கானில்தான் தின்றார்.

1979இல் அரிசி ஆலை முத்தலிப் ஹாஜியார் நாகூர் தர்காவுக்கும் அஜ்மீர் தர்காவுக்கும் சியாரத்துப் போகக் கிளம்பினார். கூடவே நான்கு பேர். அவர்களில் அபுல் ஹஸன் மாஸ்டரும் ஒருவர். மீலாத் விழா மேடைகளில் சமத்துவம் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசக்கூடியவர். சவரம் செய்யவும் பெட்டி தூக்கவும் சோறாக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. மூன்றுக்கும் சேர்த்து நூஹுவைப் பிடித்தார்கள்.

ஐவரும் இந்தியாவைப் பார்க்கப் புறப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மூட்டை புழுங்கலரிசி, ஒரு தகரம் நிறைய மாசிக் கருவாட்டுச் சம்பல், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. தலைமன்னாரில் கப்பலேறும்போதே ஹாஜியார் சொல்லிவிட்டார்:

"அங்கத்தைச் சாப்பாட்டை நம்பேலாது. நம்மட சோத்தை நூஹு ஆக்கித் தருவான்."

நாகூரில் இறால் புதைத்துப் பொரித்த வாடாவின் வாசம் தெருவையே தூக்கிக்கொண்டிருந்தது. ஐவரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மாசிச் சம்பல் தின்றார்கள். நூஹு அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கினார். ஒரு வாடாவைக் கடித்துப் பார்த்தார். இன்னொன்றைப் பிய்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். அரிசி மா, வெங்காயம், இறால். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் இறாலுக்கு இப்படி ஒரு வழி இருப்பது தனக்குத் தெரியாமல் போனதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சென்னையைத் தாண்டிய பிறகு, ரயிலில் எதிரே இருந்த தெலுங்குக் குடும்பம் கொடுத்த கோங்குராத் துவையல் சோற்றை வாங்கித் தின்றார். இலையின் புளிப்பு காதுவரை ஏறியது. ஹாஜியார் மூக்கைச் சுளித்தார்.

"என்னடா அது, மாட்டுக்குப் போடுற தழையா?"

"ஓம் ஹாஜியார். மாட்டுக்கு நல்ல கொடுப்பினை."

விஜயவாடாவில் ரயில் மாறும்போது ஐந்து பேரும் அவரவர் சூட்கேசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மூட்டையும் தகரமும் அடுப்பும் வந்த ரயிலிலேயே போய்விட்டன. ஹைதராபாத்தில், அரபு வம்சத்தவர் வாழும் பார்க்கஸ் பகுதிப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, ஊர் மதிக்கும் ஐந்து பெரிய மனிதர்கள் பசியோடு வாசற்படியில் குந்தியிருந்தார்கள். தாடியில் மருதாணி போட்ட ஒரு முதியவர் அவர்களைப் பார்த்தார். எதுவும் விசாரிக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

முற்றத்தில் பாயை விரித்து நடுவில் ஒரு பெரிய தட்டை வைத்தார்கள். கோதுமையும் ஆட்டிறைச்சியும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் குழைந்து, மேலே நெய் மிதந்தது. ஹரீஸ் என்றார் முதியவர். ஐவரும் உட்கார்ந்தார்கள். நூஹு வழக்கம்போல் செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றார். முதியவர் விரல் விட்டு எண்ணினார். ஆறாவது விரலை நூஹுவின் பக்கம் நீட்டினார். கைகழுவத் தண்ணீர் ஊற்றாமல் செம்போடு அப்படியே காத்திருந்தார். வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றாமல் யார் தொடங்குவது?

"இரி நூஹு, இரி. சாப்பாடு ஆறுது," என்றார் ஹாஜியார். பசி அவரை அரை நிமிடத்தில் நல்ல மனிதராக்கியிருந்தது.

நூஹு உட்கார்ந்தார். சஹனில் மூத்தவர் இறைச்சியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளுவது வழக்கம். பழக்கதோஷத்தில் ஹாஜியாரின் கை ஒரு துண்டைப் பிய்த்து நூஹுவின் பக்கமும் தள்ளியது. அதைத் தள்ளிய பிறகுதான் அவர் அதைக் கவனித்தார். வானம் இடிந்து விழவில்லை.

அங்கே தங்கிய மூன்று நாளும் விடியற்காலையில் நூஹு அந்த வீட்டுச் சமையற்கட்டில் நின்றார். கோதுமையை எவ்வளவு நேரம் ஊறப்போடுவது, எலும்பை எப்போது எடுப்பது, மரக்கட்டையால் எந்தப் பதத்தில் கடைவது, எல்லாவற்றையும் சைகையால் கேட்டுக் கையால் படித்தார். அஜ்மீரில் ஆள் இறங்கி நிற்கக்கூடிய அண்டாவில் இறைச்சியே போடாமல் இனிப்புச் சோறு ஆக்கினார்கள். எந்த மதத்தவனும் தின்னலாம் என்பதற்காக அப்படியாம். திரும்பிவரும் வரையில் ஆறு பேரும் ஒன்றாகவே தின்றார்கள். தெரியாத ஊரில் யார் யாரைப் பார்க்கப்போகிறார்கள்?

தலைமன்னாரில் இறங்கியதும் குடிவரவு அதிகாரி பாஸ்போட்டுகளில் முத்திரை குத்தினார். அடுத்த பத்தாவது நிமிடம் ஹாஜியார் சாப்பாட்டுக் கடையில் தன் முத்திரையைக் குத்தினார்:

"இஞ்ச அஞ்சு சோறு குடுங்க. இவருக்கு அங்கால ஒண்டு."

ஊரில் ஹாஜியாரின் வாய் இந்தியா முழுவதையும் தின்று தீர்த்தது. தொடாத வாடாவின் ருசியை வர்ணித்தார். மாட்டுத் தழை இப்போது 'ராஜாக்கள் சாப்பிடுற கோங்குரா' ஆகியிருந்தது. கடைசியில், ஊருக்கு ஹரீஸ் கொடுக்கப்போவதாக அறிவித்தார். முழுக் கோதுமை கொழும்பிலிருந்து வந்தது. ஆனால் ஆக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

"ஆக்கிக் குடுத்துட்டு நானும் சஹன்ல இரிக்கப் போறன்," என்றார் நூஹு மனைவி சுஹறாவிடம்.

"ஏன், அந்தூரு வெயில் மூளைக்கு ஏறிட்டா? ஆரு உங்களை இரிக்க விடப்போறான்?"

"அவர்ர கையாலதானே எனக்கு இறைச்சி பிய்ச்சுத் தந்தாரு. ஒருக்காத் தந்தவரு ரெண்டாந்தரம் தரமாட்டாரா?"

சுஹறா அவருடைய வெள்ளைச் சாரனை எடுத்துத் துவைத்துப் போட்டாள்.

விருந்தன்று நூஹு அண்டாவை விட்டு நகரவில்லை. மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு சஹன்கள் வந்தன. அவர் கையையும் முகத்தையும் கழுவி, வெள்ளைச் சாரனை உடுத்து, பந்தலுக்குள் வந்தார். ஹாஜியாரின் சஹனில் ஐந்து பேர் இருந்தார்கள். பயணம் போன அதே ஐந்து பேர். நூஹு ஆறாவது இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்துச் சஹன்களில் தலைகள் திரும்பின.

"நூஹு, சட்டியைப் பாரு. அடிப்பிடிக்கப் போகுது."

"இறக்கி வெச்சாச்சு ஹாஜியார்."

"அப்ப பொறத்தால போய் இரி. உனக்கு வேறயா எடுத்து வெச்சிருக்கு. சுஹறாக்கும் கட்டித் தாறன்."

"ஹைதராபாத்துல இந்த ஆறு பேருதானே இருந்தம்?"

"அது வேற ஊரு."

"ஊருதான் வேற ஹாஜியார். கை இதுதான்."

முதலில் எழுந்தவர் அபுல் ஹஸன் மாஸ்டர். தனக்கு அல்சர் என்றார். அந்த அல்சர் பக்கத்துச் சஹனுக்குப் போனதும் குணமாகி, மூன்று தடவை ஹரீஸ் வாங்கியது. அடுத்தவருக்குக் கால் மரத்துப் போனது. மற்ற இருவரும் காரணம்கூடச் சொல்லவில்லை. கடைசியாக எழுந்த ஹாஜியார், மக்காவில் இலட்சம் பேரோடு உரசி நின்ற அதே தோளைத் துண்டால் போர்த்திக்கொண்டு போனார். நூஹுவின் கை சமைத்ததைத் தின்பதில் ஒருவருக்கும் அருவருப்பில்லை. அந்தக் கை பக்கத்தில் இருப்பதுதான் அருவருப்பு. இந்தக் கணக்கு எந்த அறிவுக்குப் பொருந்தும் என்று அந்தப் பந்தலில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு பேருக்கான சஹனின் முன் நூஹு தனியாக இருந்தார். ஒரு துண்டு இறைச்சியைப் பிய்த்தார். அதை ஹாஜியார் இருந்த வெற்றிடத்தின் பக்கம் தள்ளி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நூஹு ஊருக்குச் சமைக்கவில்லை. கலியாண வீடுகளிலிருந்து வந்து கேட்டார்கள். ஹாஜியாரின் மகனே வந்து கேட்டான்.

"கத்தி வேலைக்குக் கூப்பிட்டா வாறன், மகன். சட்டி வேலைக்குக் கூப்பிட்டா, உங்க வாப்பா என்னோட இரிந்து தின்னணும்."

அப்படி ஒருவரும் வந்து உட்காரவில்லை. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. ஐந்து வருடம் கழித்து நூஹுவும் கண்ணை மூடினார். ஹரீஸின் பக்குவம் அவரோடு போய்விட்டது. அன்று தின்றவர்கள் 'முத்தலிப் ஹாஜியார்ர ஹரீஸ்' என்று இன்னும் நாக்கைச் சப்புக்கொட்டுகிறார்கள். ஹாஜியாருக்கு வாழ்நாளில் வெந்நீர் வைக்கவும் தெரியாது.

அடுத்த கலியாண வீட்டில் உங்கள் முன்னால் சஹன் வரும். ஐந்து பேர் உட்கார்ந்திருப்பீர்கள். பிஸ்மி சொல்லிக் கை வைப்பதற்கு முன் தலையைத் தூக்கிக் கொல்லைப்புறத்தைப் பாருங்கள். அங்கே தனிப் பீங்கானோடு நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். மற்ற நான்கு பேரும் எழுந்து போனால் போகட்டும். நீங்கள் இறைச்சியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளுங்கள்.