சாயாமல் அமுங்க வேண்டும்

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டை நான் திரும்ப வாங்கிக் கிழித்தது ஒரே ஒரு முறைதான்.

மண்ணூர்பேட்டையில் ஒரு டெஸ்டிங் லேபில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கம்பி, போல்ட், ஸ்பிரிங் என எது வந்தாலும் மெஷினில் வைத்து இழுப்பேன், அல்லது அமுக்குவேன். எவ்வளவு லோடு தாங்கியது என்று எழுதுவேன். ரிட்டயர் ஆன பிறகும், வழியில் எங்கேயாவது ஹைட்ராலிக் ஆயில் வாசனை வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது.

ரேவதி என்ற இன்ஜினியர் ஒருநாள் ரப்பர் கட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே வரிசையாக வட்ட ஓட்டைகள். சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்குள் வைக்கும் மெத்தைக்கான மாதிரி அது.

"ரப்பரை மாத்தவே வேணாம் மேடம். ஓட்டையோட வடிவத்தை வச்சே அது எப்படி அமுங்கணும்னு நாம முடிவு பண்ணலாம்" என்றார்.

கூடவே ஆவடியிலிருந்து முனுசாமி வந்திருந்தார். பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர். சர்க்கரை நோயால் வலது காலில் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். பாதத்துப் புண் அப்போதுதான் ஆறியிருந்தது. மெத்தையை முதலில் போட்டுப் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

கட்டை லோடைத் தாங்கியது. 'பாஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். முனுசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அமுக்க சொல்லோ அது ஒரு பக்கமா சாஞ்சுதே, பாத்தீங்களா மேடம்? நான் ஏறி நின்னா என் காலும் அப்டித்தானே போவும்? தோலு இஸ்துகினா புண்ணு மறுபடி தொறந்துக்கும். மிச்ச வெரலும் பூடும்."

நான் பார்த்திருக்கவில்லை. என் கண் முழுக்க நம்பர் மேல் இருந்தது. வெட்கமாகப் போயிற்று.

"உங்க மெஷின் பிளேட் லெவல்ல இருக்கா?" என்று ரேவதி கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கட்டையை அரைவட்டம் திருப்பி வைத்து மறுபடி அமுக்கினேன். பிளேட் கோணல் என்றால் பழைய பக்கமே சாய வேண்டும். இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. குறை கட்டையில்தான். ரேவதியின் முகம் வாடியது.

ரிப்போர்ட்டைக் கிழித்ததும் மேனேஜர் வந்தார். "லோடு பாஸ்தானே? சாயுதான்னு யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல சார். ஆனா இவரு அது மேல நிக்கப் போறாரு."

மெஷினை மிக மெதுவாக ஓட்டினேன். ரேவதி, முனுசாமி, நான் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஓட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்தன.

"வட்டத்துக்கு எந்தப் பக்கம் மடங்கணும்னு தெரியல. நாமதான் முன்னாடியே காட்டிக் குடுக்கணும்" என்று ரேவதி தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரம் வேறு கட்டை வந்தது. ஓர் ஓட்டை படுத்த முட்டை வடிவம், அடுத்தது நின்ற முட்டை வடிவம். உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அமுக்கியதும் படுத்தவை இன்னும் படுத்தன, நின்றவை இன்னும் ஒடுங்கின. கட்டை நேராக இறங்கியது. லோடு முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் போதுமானது.

"இப்போ ஒயுங்கா குந்துது" என்றார் முனுசாமி.

அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும், எவ்வளவு தாங்கியது என்பதற்குக் கீழே எப்படி அமுங்கியது என்றும் ஒரு வரி சேர்த்தேன். நம்பரைப் படிக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். பொருளைப் பார்க்கக் கற்றுக்கொள்ள இருபது வருடம் ஆகியிருக்கிறது.

சில மாதம் கழித்து முனுசாமி லேபுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மெத்தை வைத்த செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்துக்கோங்க மேடம். ஆறுனது ஆறுனபடியே கீது."