படியில் எடுத்த படங்கள்

"அப்படியே நில்லு. என்னப் பாக்காத, அடுத்த படியப் பாரு" என்று கைப்பேசியை உயர்த்தினார் தையல்கார அக்கா. தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்தபடி நாலாம் மாடித் திருப்பத்தில் மூச்சுவாங்க நின்றிருந்தாள் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் அசையாத லிப்ட் கதவு. அதில் நாள்காட்டியிலிருந்து கிழித்த அன்றைய தேதித்தாள் ஒட்டியிருந்தது. எடுத்த படத்தை அவளிடமே காட்டினார். "புடிக்கலன்னா சொல்லு, அழிச்சிட்டு வேற எடுக்கறேன்."

நகரத்தின் கடைசிப் பேருந்து நிறுத்தத்தையும் தாண்டி நிற்கிறது அந்த அரசுக் குடியிருப்பு. எட்டு மாடிக்கு ஒரே லிப்ட். செய்தி எழுத நான் முதலில் போனபோது அது நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது.

அக்காவின் கழுத்தில் அளவு நாடா, உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசி. அவற்றை எடுக்காமலே பேசுவார், ஒரு சொல்லும் குழறாது. ஆளைப் பார்த்ததும் அளவு சொல்லிவிடுவார். "இந்தப் பிளாக்குல எல்லாருக்கும் இடுப்பு ரெண்டு இஞ்சு கொறைஞ்சிருக்கு. பழைய துணியெல்லாம் புடிச்சுத் தெச்சே எனக்குக் கை ஓஞ்சுபோச்சு."

வெளியிலிருந்து படம் எடுக்க வருபவர்களை அவருக்குப் பிடிக்காது. "கேமராவோட வர்றவங்க மொதல்ல சாக்கடைக்குத்தான் போறாங்க. நாங்க அதுக்கு அப்புறந்தான்."

எட்டாம் மாடியில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒருநாள் அவருக்கு நெஞ்சுவலி. நாற்காலியில் உட்காரவைத்து, போர்வையால் கட்டி, நாலு பேர் படிப்படியாக இறக்கினார்கள். பிழைத்து வந்தவரை அதேபோல் மேலே ஏற்றினார்கள். அதன்பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை.

லிப்ட் நின்ற மறுநாளே குடியிருப்பு அலுவலகத்துக்கு அக்கா புகார் எழுதியிருந்தார். பதில் இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் வந்தது. 'லிப்ட் அவ்வப்போது மட்டுமே பழுதடைகிறது.' அக்கா அதை இரண்டு தடவை படித்தார். லிப்ட் நின்ற நாளிலிருந்து தினமும் எடுத்துவந்த படங்களைத் திறந்து பார்த்தார். நாற்காலி இறங்கிய படமும் அதில் இருந்தது. "அவ்வப்போதுன்னா என்னன்னு காட்டறேன்."

"எங்க கல்யாணத்துக்கே பன்னெண்டு போட்டோதான்" என்றார் அவருடைய கணவர். அவர் குரலில் குறை இல்லை, பெருமைதான் இருந்தது.

அக்கா மறுபடி எழுதியதும் அலுவலகத்தின் அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். அக்கா கையில் கோப்பு எதுவும் கொண்டுபோகவில்லை. பாய்போலச் சுருட்டிய ஒரு துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மிஞ்சிய லைனிங் துணிகளை ஒட்டுப்போட்டு, அதில் அச்செடுத்த இருநூற்றுப் பதினோரு படங்களைத் தேதிவாரியாக மூன்று வரிசையில் தைத்திருந்தார். அதிகாரி 'அவ்வப்போது' என்று ஆரம்பித்ததும் மேசைமேல் வைத்து உருட்டிவிட்டார். அது மேசையைத் தாண்டி, தரையில் இறங்கி, வாசல்வரை போய் நின்றது.

"இதுல லிப்ட் ஓடுன நாள் எதுன்னு நீங்களே தேடிச் சொல்லுங்க சார்."

அதிகாரி எழுந்து, குனிந்தபடியே துணியோரமாக நடந்தார். கர்ப்பிணி, பள்ளிப் பிள்ளைகள், தலைமேல் தையல் இயந்திரத்தோடு அக்காவின் கணவர். நாற்காலியில் கட்டப்பட்ட ஓட்டுநரின் படத்தருகே வெகுநேரம் நின்றார்.

"ஒரு மாசம் டைம் குடுங்கம்மா."

"குடுக்கறேன். தேதி போட்டு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே புது லிப்ட் வந்து இறங்கியது.

அது ஓடத் தொடங்கிய காலையில் நானும் போயிருந்தேன். கீழ்த்தளம் கொள்ளாத கூட்டம். விசில் சத்தம் காதைப் பிளந்தது. அதிகாரி பணிமுடிப்புத் தாளை நீட்டி, குடியிருப்போர் சார்பில் ஒரு கையெழுத்து கேட்டார். தன் பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"மேல ஒருத்தரு சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டுக் காத்திருக்காரு சார். அவரு கீழ வந்து மண்ணுல கால வைக்கட்டும்."

அக்கா பேனாவை மூடித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார். அதிகாரியையும் உள்ளே வரச் சொல்லி, எட்டாம் எண்ணை அழுத்தினார்.