நிறைவேற்றப்பட்ட குழாய்

ஜைத்தூனக்கா இறந்த செய்தி எனக்குத் தப்பாகத்தான் வந்து சேர்ந்தது. காலையில் கடையைத் திறந்து தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் பழக்கடை வைத்திருக்கும் முருகன் ரோட்டைத் தாண்டி வந்து, "மெம்பர் வீட்டம்மா தவறிட்டாங்களாம், விடியக்காலைல" என்றார். எந்த மெம்பர் என்று கேட்டேன். "அதாங்க, தகரப்பெட்டிக் கடை பாஷா மெம்பர்." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "பாஷா பாய் எந்தக் காலத்துலய்யா மெம்பரா இருந்தாரு? மெம்பரே அந்தம்மாதான்" என்று கத்திவிட்டேன். முருகன் மிரண்டுபோய், "எனக்கு இன்னாங்க தெரியும், ஊர்ல அப்படித்தானே சொல்றாங்க" என்று திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் ஒட்டிய சுவரொட்டியைப் பார்த்தபிறகு முருகன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. பேரூராட்சித் தலைவர் பெரிய அளவில் கைகூப்பி நிற்கிறார். அக்கா படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. "முன்னாள் மன்ற உறுப்பினர் பாஷா அவர்களின் நற்குணம் மிக்க துணைவியார் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று போட்டிருந்தார்கள். ஐந்து வருடம் எதிரே உட்கார்ந்து தன் தூக்கத்தைக் கெடுத்தவர் யாரென்று தலைவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் இதை நான் எழுத வேண்டியதாயிற்று. அக்காவை அறிந்தவர்கள் படியுங்கள், தப்பு இருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள்.

மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். திருவண்ணாமலைக்காரர்கள் எங்களை ஒரு ஊர் என்றே ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் எங்களுக்கும் ஒரு பேரூராட்சி உண்டு, அதற்கு ஒரு கட்டடம் உண்டு, மன்றம் உண்டு. பெயரை எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தங்கள் ஊர் என்றே நினைத்துக்கொள்ளலாம். தொண்ணூற்றாறில் பெண்களுக்கு இடம் ஒதுக்கி உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து வார்டுகளில் ஜெயித்தோம். என் கணவர் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்ததால் என் நாற்காலி எனக்கே கிடைத்தது. அக்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

முதல் கூட்டத்தில் அக்காவின் நாற்காலியில் பாஷா பாய் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பெண்டாட்டி ஜெயித்தால் புருஷன் உட்காருவதுதான் வழக்கம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அக்காவின் பெயரைக் கூப்பிட்டதும் அவரே எழுந்து வணக்கம் வைத்தார். வாசலில் புர்காவோடு நின்றிருந்த அக்கா உள்ளே வந்து, "ஓட்டுச் சீட்டுல என் பேருதானே இருந்துச்சு? எழுந்திரிங்க. போயி கடையைத் தொறங்க" என்றார். மன்றமே சிரித்தது. பாய் முகம் சிவந்து வெளியே போனார். அக்கா நாற்காலியை புர்காவின் ஓரத்தால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பாதைக்குப் பின்னால் இருக்கும் அவருடைய தெருவுக்கு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு குடிநீர்க் குழாய். மேட்டுத் தெரு அது. அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர், அதுவும் கோடையில் வராது. இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து இருக்கும் அந்தத் தெருவில் பெண்கள் எல்லோரும் இடுப்பில் குடத்தோடு என் வார்டுக்குத்தான் வர வேண்டும்.

எங்கள் மன்றத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மற்ற ஊர்களிலும் இருக்கும் என்றே நினைக்கிறேன். எழுத்தர் முதல் பொருளைப் படிக்க ஆரம்பிப்பார். பாதி படிப்பதற்குள் யாராவது "ஆல் பாஸ்" என்று குரல் கொடுப்பார்கள். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். தெருவிளக்கு, சாக்கடை, கழிப்பிடம் எல்லாம் அந்த ஒரு சத்தத்தில் முடிந்துபோகும். பிறகு போண்டா, டீ. இரண்டாவது கூட்டத்தில் அக்காவின் குழாயும் அந்தச் சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. அவர் என்னிடம் குனிந்து, "இன்னாச்சு விமலா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுத்தர் சிரித்துக்கொண்டே, "உங்க குழாய் நிறைவேறிடுச்சும்மா" என்றார்.

அக்கா வீட்டில் பேசுவது உருது. தெருவில் பேசுவது எங்கள் எல்லோரையும் போன்ற தமிழ். அந்தத் தமிழில் ஒரு வேண்டுதல் நிறைவேறியது என்றால் குழந்தை பிறந்துவிட்டது என்று அர்த்தம், கல்யாணம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மன்றத்துத் தமிழில் கை தூக்கியாயிற்று என்று மட்டும்தான் அர்த்தம். இது அவருக்கு எப்படித் தெரியும்? போண்டாவைக்கூடத் தொடாமல் தெருவுக்கு ஓடினார். "நிறைவேத்திட்டாங்க" என்று வீடு வீடாகச் சொல்லிச் சர்க்கரை கொடுத்தார்.

மறுநாள் காலையில் தெருமுனையில் குடங்கள் வரிசையாக நின்றன. பித்தளை, எவர்சில்வர், பிளாஸ்டிக் என்று எல்லாமே இருந்தன. சிலர் குடத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். குழாய் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் வைத்திருந்தார்கள். பதினோரு மணி வெயில் வரை பெண்கள் நின்றார்கள். தலைவரின் மச்சான் ஸ்கூட்டரில் அந்த வழியாக வந்து, வண்டியை நிறுத்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போனான். அன்று சாயங்காலம் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. நடக்காத காரியத்துக்கு எவனாவது ஆசைப்பட்டால் "மெம்பர் தெருவுல குடம் வெச்சாப்ல" என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இன்றைக்கும் இருக்கிறது. சொல்கிறவர்கள் யாருக்கும் வெட்கமாக இல்லை.

அடுத்த கூட்டத்தில் அக்கா டீ வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார். "நிறைவேத்தினோம்னு எழுதியிருக்கீங்களே, எங்க?" என்று கேட்டார். செயல் அலுவலர் பொறுமையாக விளக்கினார். "அம்மா, நிறைவேறினது தீர்மானம். குழாய் இல்ல. அதுக்கு மதிப்பீடு போடணும், மேலிடத்து ஒப்புதல் வரணும், டெண்டர் விடணும்."

"அப்ப பேசினாங்கன்னு எழுதுங்க. மேசையைத் தட்டினாங்கன்னு எழுதுங்க. தண்ணி வர்ற அன்னிக்கு நிறைவேத்திட்டோம்னு எழுதுங்க."

"சர்க்கார்ல அந்த வார்த்தைதாம்மா" என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வது போல.

"அப்ப சர்க்கார் வந்து எங்க தெருவுல அந்த வார்த்தையைப் புடிச்சிக் குடிக்கட்டும்" என்றார் அக்கா.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் "ஆல் பாஸ்" சத்தம் எழுந்ததும் அவர் மட்டும் "எனக்குப் பாஸ் இல்ல" என்பார். எழுத்தரை முதலிலிருந்து படிக்கச் சொல்வார். நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். போண்டா ஆறிவிடும் என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அக்காவின் வாயை அடைக்க அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபமானது. அவர் குழாயைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அதை மறுபடியும் தீர்மானமாகப் போட்டு மறுபடியும் நிறைவேற்றினார்கள். அந்த ஐந்து வருடத்தில் எங்கள் மன்றத்தில் அதிகத் தடவை நிறைவேறியது அந்தக் குழாய்தான்.

அந்த வருடங்களில்தான் பௌர்ணமிக் கூட்டம் பெருகியது. எங்கிருந்தெல்லாமோ பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பேரூராட்சிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பாதையில் வரவேற்பு வளைவு கட்டினார்கள், அதில் தலைவரின் பெயர் சாமி பெயரைவிடக் கொஞ்சம்தான் சின்னது. பௌர்ணமி சாயங்காலம் தண்ணீர் லாரி வந்து தெருமுனையில் நிற்கும். பக்தர்களுக்கு. அக்காவின் தெருப் பெண்கள் குடத்தோடு அந்த வரிசையில் போய் நின்றார்கள். ஒரு பௌர்ணமியில் தலைவர் வந்து, "இது மலை சுத்துறவங்களுக்கும்மா, உங்களுக்கு இல்ல" என்றார். அக்கா குடத்தைக் கீழே வைக்கவில்லை. "நாங்களும்தாங்க சுத்துறோம். தண்ணிக்காக வருஷம் பூரா சுத்துறோம். எங்க தெருவுக்கு மாசத்துல ஒருநாள்தான் தாகம் எடுக்குமா?" வரிசையில் நின்றிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் சொம்பில் பிடித்த தண்ணீரை அப்படியே அக்காவின் குடத்தில் ஊற்றிவிட்டுப் போனார். தலைவர் வளைவைப் பார்க்கப் போய்விட்டார்.

ஐந்து வருடம் முடிந்து மறுபடி தேர்தல் வந்தது. அக்கா மறுபடியும் நின்றார். தலைவர் தன் ஆள் ஒருத்தியை எதிரே நிறுத்தி, அந்தத் தெருவுக்கே மைக்கோடு வந்தார். "அஞ்சு வருஷமா உங்க மெம்பர் இன்னாத்தைக் கிழிச்சாங்க? தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார். எந்தக் கை அந்தக் குழாயைத் தடுத்ததோ அந்தக் கையிலேயே மைக் இருந்தது. நான் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா தோற்றார். அவர் தெருவிலேயே பாதிப்பேர் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. நானும் தோற்றேன், அது பெரிய விஷயமில்லை.

தோற்றதற்கு அடுத்த வாரம் பேத்தியின் பாவாடையைத் தைக்கக் கொடுக்க வந்தார். நான் அந்தத் தெருக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவங்க மேல எனக்கு வருத்தம் கம்மிதான் விமலா. தண்ணி வந்துச்சான்னு கேட்டாங்க. நானும் அதையேதானே அஞ்சு வருஷமா கேட்டேன்" என்றார். பிறகு பாவாடைக்கு உயரம் சொன்னார். ஜெயித்த பெண்ணும் குழாய் கேட்டாள், அதுவும் நிறைவேறியது.

முருகன் செய்தி சொன்னதும் கடையைப் பூட்டிவிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். சித்திரை வெயில் அப்போதே ஏறிவிட்டிருந்தது. வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். அடக்கத்துக்கு முன்னால் மையத்தை, அதாவது அக்காவின் உடலை, குளிப்பாட்ட வேண்டும், தண்ணீர் இல்லை. அடிபம்பு வறண்டுவிட்டது. உப்புத் தண்ணீர்கூட இல்லை.

அப்போது தலைவர் வந்தார். ஆளுயர மாலையோடு வந்தார். அந்த வீட்டில் மையத்துக்கு மாலை போடுவதில்லை என்றுகூடத் தெரியாமல் இத்தனை வருடம் அங்கே ஓட்டுக் கேட்டிருக்கிறார். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பக்கத்து வீட்டுச் செல்வி அவர் எதிரே போய், "மாலை வேணாங்க. ஒரு லாரி தண்ணி அனுப்புங்க, அம்மாவைக் குளிப்பாட்டணும்" என்றாள். "உடனே ஏற்பாடு பண்றேம்மா" என்று அவர் கிளம்பினார். லாரி மறுநாள் வந்தது.

தண்ணீரைத் தெருதான் கொடுத்தது. குடிக்க வைத்திருந்த குடங்களை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எடுத்து வந்தார்கள். ஓட்டுப் போட்டவர்களும் கொடுத்தார்கள், போடாதவர்களும் கொடுத்தார்கள். போடாத ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் என் வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு நடை சுமந்தேன், அதற்குள் அதுவும் நின்றுவிட்டது. வேற்று மதத்துக்காரி என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை, வாசற்படி வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று ஊற்றுகிறார்கள் என்று புரிந்தது. அந்தத் தெருவில் அன்று மதியம் எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை. துக்கத்தால் மட்டும் இல்லை, வைக்கத் தண்ணீர் இல்லை.

அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபிறகு பாஷா பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்கிட்ட அவ ஒருநாளும் தண்ணி கேட்டதில்லம்மா" என்றார். "உங்க மன்றத்துகிட்டதான் கேட்டா."

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பொறுமை என்று எழுதலாம், அவரிடம் அது இருந்ததில்லை. நல்ல குணம் என்று எழுதலாம், சுவரொட்டியில் அதை எழுதிவிட்டார்கள். கோபம்தான் மிச்சம். அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். வரும் தேர்தலில் அந்தத் தெரு இருக்கும் வார்டில் நிற்கப்போகிறேன், தோற்றாலும் பரவாயில்லை.

இப்படி எழுதுகிறவர்கள் கடைசியில் ஆன்மா அமைதி பெறட்டும் என்று முடிப்பார்கள். நான் அதை எழுதமாட்டேன். "அமைதியா இருங்கம்மா" என்று ஐந்து வருடமும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் தலைவர்தான்.