மூன்று முகங்களுக்கு ஒரு வெளிச்சம்

1. மாவு பூசிய முகம்

“இது யாரும்மா?” என்று படத்தில் விரலை வைத்துக் கேட்டார் ஆறுமுகம் அண்ணன். விரல் இருந்தது அவருடைய முகத்தின் மேல்தான்.

மலேசியாவில், ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் நான் ஸ்டூடியோ திறந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன் பல வருடம் கல்யாணங்களில் படம் எடுத்தவள். அங்கே வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓடினால் போதும். முழங்கால் வலி வந்த பிறகுதான் ஒரே இடத்தில் நின்று வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தேன். இரண்டு பிளாஷ் விளக்கும், அவற்றின் முன்னால் மாட்டும் வெள்ளைத் துணிப் பெட்டி இரண்டும் வாங்கினேன். சாப்ட்பாக்ஸ் என்பார்கள், வெளிச்சத்தின் கூர்மையை அது குறைக்கும். இணையத்தில் வீடியோ பார்த்து வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று நிறுத்தினேன். ஆள் வராத சாயங்காலங்களில் வெள்ளைக் காகிதத் திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பேன். பிளாஷுக்குள் எப்போதும் எரியும் சின்ன பல்பின் இளமஞ்சள் ஒளியில் அறை எங்கோ மிதப்பது போல இருக்கும். லைட்டிங் எனக்குக் கைவந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அண்ணன் தங்கைகள் மூவரும் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். மூத்தவர் ஆறுமுகம், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அடுத்தவர் அஞ்சலை அக்கா. கடைசி தங்கை தனம். தனம் அக்கா பிறந்தது சீனக் குடும்பத்தில். கைக்குழந்தையாக இருந்தபோதே பால்மரம் வெட்டிய ஆறுமுகம் அண்ணனின் அப்பா அம்மா அவரை வாங்கி வளர்த்தார்கள். எங்கள் ஊரில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. தனம் அக்கா அந்த வாரக் கடைசியில் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகளோடு தங்கப் போகிறார். திரும்பி வரும் எண்ணமில்லை. மூவரும் சேர்ந்து ஒழுங்காக ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை என்று வந்தார்கள்.

எடுத்தேன். தனம் அக்காவின் முகம் வெளுத்துப்போய் மூக்கே தெரியவில்லை. மற்ற இருவரும் இருட்டில் நிற்பதுபோல் இருந்தார்கள். கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்று இருவரையும் வெளுப்பாக்கி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதைத்தான் மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள்.

“மூஞ்சியில மாவு பூசின மாரி இருக்கு லா,” என்றார் அண்ணன்.

தனம் அக்கா மெதுவாகச் சொன்னார். “சின்னப் புள்ளையில தோட்டத்து லய வீட்டு வாசல்ல வெயில்ல போயி உக்காந்துக்குவேன், இவங்க மாரி கருப்பாவணும்னு. நீங்க இவங்கள என்னைய மாரி ஆக்கி வச்சிருக்கீங்களே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிரிண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

“அக்கா, எனக்கு ஒரு நாள் குடுங்க,” என்றேன்.

“நாளைக்கு ஒரு நாள்தாம்மா இருக்கு. நாளான்னிக்கு பிளைட்டு,” என்றார் தனம் அக்கா.

2. முட்டையும் சிரட்டையும்

அன்று மத்தியானம் கடையைச் சாத்தினேன். சமையலறையிலிருந்து ஒரு முட்டையையும் ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் கொண்டுவந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகள் ஒன்றும் தெரியவில்லை.

இடது விளக்கை அணைத்தேன். வலது விளக்கை மட்டும் நகர்த்தி நகர்த்தி எடுத்தேன். வெளிச்சத்தைக் கூட்டினால் முட்டை வெறும் வெள்ளை வட்டமானது. குறைத்தால் சிரட்டை காணாமல் போனது. பிறகு அளவை மாற்றாமல் சாப்ட்பாக்ஸைச் சிரட்டைக்கு மிக அருகே கொண்டுபோனேன். அதன் கருப்பின் மேல் ஒரு மெல்லிய பளபளப்பு ஏறியது. நார் நாராக ஓடும் கோடுகள், ஒரு கீறல், மூன்று கண்கள் எல்லாம் எழுந்து வந்தன. சிரட்டை வெளுக்கவில்லை. கருப்பாகவே இருந்து தெரிந்தது.

விளக்கின் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வெளிச்சத்தின் ஓரம் மட்டும் முட்டையில் படும்படி செய்தேன். முட்டை உருண்டு திரண்டு, சாயங்கால நிலவு மாதிரி அமைதியாக உட்கார்ந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை எப்போது விட்டது என்று தெரியாது.

3. நடுவில்

மறுநாள் அவர்கள் வந்ததும் கணக்காகச் சொன்னேன்: அண்ணன் விளக்குக்குப் பக்கத்தில், அஞ்சலை அக்கா நடுவில், தனம் அக்கா கடைசியில், ஓரத்தில்.

தனம் அக்கா நகரவில்லை. “எப்பவும் என்னைய ஓரத்துலதான் நிக்க வைப்பாங்கம்மா. பாக்கிறவங்க பக்கத்து வீட்டுப் புள்ளன்னு நெனச்சுக்குவாங்க. இன்னிக்கு நடுவுல நிக்கிறேன்.”

மேசையில் வைத்த முட்டை எங்கே இருக்க ஆசை என்று சொல்லவில்லை, அதனால் இது எனக்குத் தோன்றவில்லை.

“உக்காருங்க, வாரேன்,” என்று கீழே இறங்கித் துணிக்கடையில் கருப்பு வலைத்துணி ஒரு முழம் வாங்கினேன். அதை ஒரு ஸ்டாண்டில் கட்டி, விளக்குக்கும் தனம் அக்காவுக்கும் நடுவே நிறுத்தினேன். வலையின் லேசான நிழல் அவர் முகத்தில் மட்டும் விழவேண்டும். ஒரு சாண் இந்தப் பக்கம், அரைச் சாண் அந்தப் பக்கம் என்று நகர்த்தினேன். அஞ்சலை அக்காவை விளக்கின் அருகே நிற்கவைத்தேன். அண்ணன் மறுகோடியில் இருந்ததால் அவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினேன். ஒரு மணி நேரம் ஆனது. மூவரும் அந்த வெளிச்சத்தில் தோட்டத்துக் கதைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். குரல்கள் தணிந்து, கனவில் பேசுவதுபோல் வந்தன. நடுவே அஞ்சலை அக்கா தங்கையின் காதோர முடியை ஒதுக்கிவிட்டார். அப்போது கேமராவின் பொத்தானை அழுத்தினேன்.

கம்ப்யூட்டர் திரையில் படத்தைக் காட்டினேன். அண்ணன் குனிந்து பார்த்தார்.

“பாரு தனம், மூணு பேரும் ஒரே மாரி தலைய சாய்ச்சிருக்கோம். ஒதட்டயும் அப்படியே கடிச்சுக்கிட்டு.”

“அம்மா அப்படித்தாண்ணே நிப்பாங்க,” என்றார் தனம் அக்கா. அண்ணன் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் தங்கையின் தலையைத் தடவினார்.

முந்தைய படத்திலும் அவர்கள் தலை அப்படித்தான் சாய்ந்திருக்கும். எனக்கோ அவர்களுக்கோ அது தெரியவில்லை. மூன்று முகமும் அதனதன் நிறத்தில் ஒரே நேரத்தில் தெரிந்தபோதுதான் கண்ணுக்கு வந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். நான் முன்பெல்லாம் விளக்கை நிறுத்திவிட்டு அதற்கேற்ப ஆட்களை நிறுத்துவேன். இப்போது குடும்பம் உள்ளே வந்ததும், “யாருக்கு யார் பக்கத்தில் நிற்க ஆசை?” என்று கேட்கிறேன். அவர்கள் நின்று முடித்த பிறகுதான் விளக்கைத் தொடுகிறேன்.