எண்ணூரில் யாரும் தொடாத கழி

டோல்கேட், காலை ஒன்பதரை மணி. கிண்டியிலிருந்து மெட்ரோவுக்கு நாற்பது ரூபாய் ஆனது. இங்கிருந்து எண்ணூருக்கு ஷேர் ஆட்டோவில் முப்பது. சாலையின் இடப்பக்கம் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்றன. ஒரு லாரியின் அடியில் பாய் விரித்து ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, எண்ணூரா? குந்து. இன்னும் ரெண்டு டிக்கெட் வந்தா கெளம்பிடலாம்" என்றார் ஆட்டோக்காரர். அந்த இரண்டு பேர் வர அரை மணி ஆனது. அதற்குள் அவர் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் தெரிந்துகொண்டார்.

"காலேஜ் புள்ளைக்கு எண்ணூர்ல இன்னா வேல?"

"ஒரு குழுவுல சேரப்போறேண்ணே. இன்ஜினியரிங் படிக்கிறவங்க குழு. பல நாட்டுல இருக்காங்க. அவங்க வேலை செய்ற இடத்தப் பார்க்கப் போறேன்."

"சேந்தா வேல குடுப்பாங்களா?"

"இல்ல."

"துட்டு?"

"நாமதான் கட்டணும்."

அவர் திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். "அப்போ இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு?"

அன்று மாலை ஐந்து மணிக்குக் காணொளியில் என்னிடம் கேட்கப்படவிருந்த கேள்வியும் அதுதான், கொஞ்சம் மரியாதையான மொழியில். அதற்குச் சரியான பதில் சொன்னால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

நான் கோவில்பட்டிக்காரி. சென்னையில் சிவில் மூன்றாம் ஆண்டு. எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்குப் புரியும். சேர்வதற்கான காரணங்களையும் எழுதிப் பார்த்திருந்தேன். ஒன்று, வேறு நாட்டு மாணவர்களோடு வேலை செய்யலாம். இரண்டு, படித்ததைக் கையால் செய்து பார்க்கலாம். மூன்று, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். நான்கு, அறைத்தோழி சேர்ந்துவிட்டாள். ஐந்து, அந்த ஒரு வரி. முதல் இரண்டும் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியவை, அடுத்த இரண்டும் வெளியே சொல்ல முடியாதவை. மிஞ்சியது ஐந்தாவது.

அந்த வரி குழுவின் ஆண்டறிக்கையில் இருந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளக்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அளவுகள் தானாகவே கைபேசிக்கு வந்துவிடும். இதேபோன்ற கருவி வேறு நான்கு நாடுகளின் கழிமுகங்களிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மற்ற இடங்களில் கருவி திருட்டுப் போயிருக்கிறது, உடைந்திருக்கிறது. எண்ணூரைப் பற்றி மட்டும் இப்படி எழுதியிருந்தார்கள்: "நட்ட நாளிலிருந்து உள்ளூர் மக்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை. தங்கள் சொந்தப் பொருளைப் போலக் காத்து வருகிறார்கள்." எங்கள் கல்லூரியில் வைத்த குப்பைக்கூடையே ஒரு மாதம் தாங்காது. ஒரு கருவியை ஊரே காக்கும்படி வைக்கத் தெரிந்தவர்களோடு சேர வேண்டும் என்று நினைத்தேன்.

எர்ணாவூரைத் தாண்டியதும் காற்றின் வாசனை மாறியது. முதலில் எண்ணெய், பிறகு கந்தகம் போல ஒன்று, அதன் பின் கருவாடு. சாலையின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சுற்றுச்சுவர்கள். இறங்கும்போது ஆட்டோக்காரர், "காரணம் தெரிஞ்சா எனுக்கும் சொல்லும்மா" என்றார்.

பதினொன்றரைக்குக் கழிமுகப் பாலத்தருகே நிவேதா அக்கா காத்திருந்தார். இறுதியாண்டு மாணவி, குழுவின் கல்லூரிக் கிளைக்குப் பொறுப்பாளர். கரையோரம் குழாய்கள் நீளமாகப் போயின. எதிர்க்கரையில் புகைபோக்கிகள். வடியத் தொடங்காத தண்ணீர் ஈயத் தகடு போலக் கிடந்தது.

"அதோ, தெரியுதா?" என்று அக்கா கை நீட்டினார்.

கரையிலிருந்து சற்றுத் தூரத்தில் ஒரு மூங்கில் கழி நீருக்கு மேல் ஆள் உயரம் நின்றது. நுனியில் சிவப்புத் துணி. கருவி நீருக்குள்ளும் அதன் சிக்னல் கம்பி மூங்கிலுக்குள்ளும் இருப்பதால் கழி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. உப்பு நீரில் இரும்பு துருப்பிடிக்கும் என்று மூங்கிலைத் தேர்ந்தெடுத்ததும், படகுகள் மோதாமல் இருக்கச் சிவப்புத் துணி கட்டியதும் தன் யோசனை என்றார். அக்கரையிலிருந்து படகு வாடகைக்கு எடுத்து வந்து நட்டார்களாம். அளவுகள் கைபேசியிலேயே வந்துவிடுவதால் அதற்குப் பிறகு யாரும் அருகில் போகவில்லை.

கரையில் ஓர் அம்மா படகின் மேல் வலையைப் பரப்பி, சிக்கிய கிளிஞ்சல்களை எடுத்துக்கொண்டிருந்தார். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது. அறிக்கையில் வந்த மக்களில் ஒருவரோடு பேச வேண்டும் என்பதுதான் என் திட்டம். அருகில் போய்ச் சொன்னேன்: "அந்தக் கழியை நீங்கள்லாம் நல்லாப் பார்த்துக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேம்மா. ரொம்ப நன்றி."

அவர் கை நின்றது. "இன்னாது? அந்தக் கழி யார்துன்னு உனுக்குத் தெரியுமா?"

அவர் கேட்ட தொனியில் நான் ஓரடி பின்வாங்கினேன்.

"யோவ், இங்க வாய்யா!" என்று படகின் மறுபக்கம் கத்தினார். கணவர் முருகன் பீடியோடு எழுந்து வந்தார். இருவரும் மாறி மாறிப் பேசியதில் எனக்கு விளங்கியது இது. அந்த இடத்தில் ஆறு வீட்டுக்காரர்கள் முறை வைத்து இறால் வலை கட்டுகிறார்கள். முறைக்காரர் ஒரு கழி நட்டுத் தன் வீட்டுத் துணியைக் கட்டிவிட்டால் அவரே அங்கு நிற்பதாக அர்த்தம். அடுத்தவர் கழியைப் பிடுங்குபவரை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி அபராதம் போடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். சிவப்பு, முருகனின் அண்ணன் வீட்டு நிறம்.

"அவுரு முறை முடிஞ்சும் கழி அப்டியே நின்னுகினு கீது. கேட்டா 'நான் நடல'ன்றாரு" என்றார் செல்வி. "ஊர்க்கூட்டத்துல ஆறு பேரும் கோயில்ல சத்தியம் பண்ணாங்க, நான் இல்ல, நான் இல்லன்னு. அப்போ எவனோ ஒருத்தன் பொய் சத்தியம் பண்ணிக்கிறான்னு தான? பொய் சத்தியக் கழிய எவன் தொடுவான்? கை வெளங்காது."

"எல்லாம் அந்தக் கோடியில போயி வலை கட்டிகினு கீறோம்" என்றார் முருகன். "அங்க நண்டு கூட வராது. இன்னிக்கு எங்க முறை. தண்ணி வடிய ஆரம்பிச்சா இறால் நல்லா எறங்கும். ஆனா அது நிக்கிதே."

நான் மனதில் வைத்திருந்த ஐந்தாவது காரணம் அந்த இடத்திலேயே போனது. இவர்கள் காக்கவில்லை, பயந்து ஒதுங்கியிருக்கிறார்கள். குழு அதை அன்பு என்று எழுதி நான்கு நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது.

அக்கா என் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போனார். "ஜெனி, இப்ப எதுவும் சொல்லாத. சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம். கருவியை எடுத்தா கணக்கு அறுந்துடும். வருஷம் முழுக்க ஒரே இடத்துல அளந்தாதான் ஒப்பிட முடியும். இதுவும் இவங்களுக்காகத்தான பண்றோம்? தண்ணி சூடாகுதுன்னு நாளைக்கு இவங்க சொன்னா யாரு நம்புவா? நம்ம கணக்குதான் பேசும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. செல்வி சொன்னதிலும் இல்லை. குழுவுக்கு வழிகாட்டும் பேராசிரியரை அக்கா மூன்று முறை அழைத்தார்; அவர் எடுக்கவில்லை. நான் இன்னும் உறுப்பினர்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாலையில் சேர்ந்துவிடலாம். பேசினால் பொறுப்பாளரின் முகத்துக்கு எதிராகப் பேசியவள் ஆவேன். கழிமுகத்தில் தண்ணீர் மெல்லக் கடல் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. எதைச் செய்தாலும் ஒருவருக்கு நட்டம் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் விளங்கவில்லை. இருந்தும் திரும்பி நடந்தேன்.

"அம்மா, அது எங்க கழி. உங்கள்ல யாரும் நடல. தண்ணிய அளக்குறதுக்கு நாங்க நட்டது."

செல்வி நம்புவதற்குள் முருகன் சிரித்தார். "எங்கண்ணன் எத்தினி குடுத்தாரு பாப்பா, இப்டி வந்து சொல்ல?"

"சத்தியமாண்ணே."

"ஐயோ, இன்னொரு சத்தியமா!"

கழியை எடுத்தால் கருவி தெரியும், பாருங்கள் என்றேன். முருகன் தொட மறுத்துவிட்டார். நட்ட கைதான் பிடுங்க வேண்டும், அதை அண்ணனும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிய பிறகு எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் கைபேசியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "நான்தான் நட்டேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

மூன்று மணி இருக்கும். முருகன் படகில் நாங்கள் மூவர், அண்ணன் படகில் அவர் மட்டும். அண்ணன் தம்பி இருவரும் எங்களோடு பேசினார்கள், தங்களுக்குள் பேசவில்லை. கழி சேற்றில் நன்றாக இறங்கியிருந்தது. அக்கா இழுத்தார், வரவில்லை. நானும் பிடித்தேன். படகு ஆட, "விழுந்தா சேறுதான், பயப்படாத" என்று முருகன் தைரியம் சொன்னார். பொளக்கென்று கழி மேலே வந்தபோது, அதன் அடியில் கட்டியிருந்த பெட்டி சாம்பல் நிறச் சேற்றோடு எழுந்து பச்சை விளக்கைச் சிமிட்டியது.

அண்ணன் அதை உற்றுப் பார்த்தார். "அப்போ நீ என் துணியத் திருடிக் கட்டல."

"நீயே நட்டுட்டு மறைக்கிறன்னு தான நான் நெனச்சேன்" என்றார் முருகன்.

"அன்னிக்குக் கோயில்ல இன்னா பேச்சு பேசின, டேய்!"

"நீ மட்டும் கம்முனா இருந்த?"

அந்தக் கழியால் எட்டு மாதமாக நின்றிருந்த பேச்சு ஒரு சண்டையாகத் திரும்ப வந்தது. கரையிலிருந்து செல்வி, "சண்டைய அப்பறம் போடுங்க, தண்ணி வடியுது!" என்று கத்தினார். சண்டை போட்டபடியே இருவரும் சேர்ந்து வலையைக் கட்டினார்கள்.

ஐந்து மணிக்கு எண்ணூர் ரயில் நிலைய நடைமேடையில் காணொளி வந்தது. திரையில் இரண்டு முகங்கள், என் கையில் காய்ந்த சேறு. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். வைத்திருந்த காரணம் மதியம் பொய்யாகிவிட்டது என்று சொல்லி, நடந்ததை முழுதாகச் சொன்னேன். "அப்படியானால் இப்போது ஏன்?" என்றார் திரையில் இருந்த பெண். "அடுத்த கழி எங்கே நடலாம் என்று கேட்கப் போகும்போது நானும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தெரிகிறது" என்றேன். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்திலிருந்து எனக்கு எதுவும் புரியவில்லை.

பீச் ஸ்டேஷனுக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் எங்கள் தெரு நினைவுக்கு வந்தது. கோவில்பட்டியில் தண்ணீர் வரும் நாளில் தெருக்குழாயின் முன் குடங்கள்தான் வரிசையில் நிற்கும். ஆட்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். பச்சைக் குடம் என்றால் எங்கள் வீடு. வெளியூரிலிருந்து யாராவது வந்து, தண்ணீரைச் சோதிப்பதற்காக ஒரு பச்சைக் குடத்தை அங்கே வைத்துவிட்டுப் போயிருந்தால், அம்மா பக்கத்து வீட்டு அத்தையோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்திருப்பார் என்று யோசித்தேன். அந்தக் குடத்தைக் கண்டு யாரும் தொடவில்லையே, நல்ல ஜனங்கள் என்று அவர்கள் எங்களைப் பற்றியும் எழுதியிருப்பார்கள்.

திருவொற்றியூரில் வண்டி நின்றபோது கைபேசி அதிர்ந்தது. நிவேதா அக்கா என்னைக் குழுவின் வாட்ஸ்அப்பில் சேர்த்திருந்தார். வேறு விளக்கம் எதுவும் அனுப்பவில்லை. பரிசா, தண்டனையா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த நிமிடமே வேறொரு நாட்டின் கழிமுகத்தில் இதே வேலையைச் செய்யும் மாணவன் ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டிருந்தான்: எண்ணூர் அளவுகள் மதியத்திலிருந்து வரவில்லை, என்ன பழுது?

கூடவே பழுதுப் பட்டியலையும் ஒட்டியிருந்தான். மின்கலம், சிக்னல், வெள்ளம், திருட்டு. நான்கையும் மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன். பிறகு எழுதினேன்: பழுது இல்லை. அது இன்று செல்வி என்பவரின் இடம். கேட்காமல் நின்றிருந்தோம், எடுத்துவிட்டோம்.

கொருக்குப்பேட்டை தாண்டியபோது அவன் எழுதினான்: "எங்களுடையது யாருடைய இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. நாளைக்குப் போய்க் கேட்கிறேன்."