காதர் பாய் தொடாத முகம்

காதர் பாய் போய்விட்டார் என்று மண்டியில் மூட்டை தூக்கும் ஏழுமலை வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. போன மாதம்தான் மதுராந்தகம் ஏரி உடைந்துவிட்டது என்று சொல்லி எங்களை பஸ் ஸ்டாண்டு வரை ஓட வைத்தவன் அவன். "இன்னாடா, இன்னிக்கு பாயா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதும் சந்தேகம் தீராமல் பஜாருக்கு நடந்து போனேன். பகல் பதினொரு மணிக்கு, படங்களுக்குச் சட்டம் போடும் பாயின் பிரேம் கடையில் தொங்கிய பூட்டைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குக் கண் கலங்கியது.

என் புத்தி அப்படி. இருபது வருஷமாக நெல் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிறவன் நான். மேலே மணி இருக்கும், அடியில் பதர் இருக்கும். எட்டாவதோடு நின்ற படிப்பில் எனக்குத் தேறிய ஞானம் அது ஒன்றுதான். மனிதர்களுக்கும் அதே குத்தூசிதான்.

பாய்க்கு ஒருமுறை வந்த சாயப் பெட்டியையும் நான் அப்படித்தான் பார்த்தேன். மகாபலிபுரத்தில் தங்கிப் படம் எழுதிய ஒரு வெளிநாட்டுக்காரர், தன் படங்களுக்கெல்லாம் பாயிடம் பிரேம் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போகும்போது பாதி தீர்ந்த டியூப்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்கு அக்ரிலிக் என்று பெயராம். "எவன் பாய் சும்மா குடுப்பான்? கள்ளக்கடத்தல் சரக்கா இருக்கப் போவுது" என்றேன். "அப்ப நீயும் கூட்டாளியா வந்துடு அண்ணாத்த" என்று ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். மண்டி போர்டுக்குப் பெயிண்ட் அடித்த அனுபவசாலி அல்லவா நான்? டர்பன்டைனை ஊற்றிக் கலக்கினேன். திரிந்த பால் மாதிரி ஆனது. "இது தண்ணி குடிக்கிற சாதி, அதுக்குப் போய் சாராயம் ஊத்துறியே" என்று பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரஷ்ஷை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் சாயம் இறுகி, பிரஷ் விறகுக் குச்சி.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பஸ் ஏறி மகாபலிபுரம் போவோம். பாய் கடலை எழுதுவார், பாறையை எழுதுவார். மனிதரையோ மிருகத்தையோ எழுதமாட்டார். அது அவர் மார்க்கத்தில் அவர் பிடித்திருந்த ஒழுங்கு. "ஒரு காக்காவாவது போடுங்க பாய், வானம் காலியா கீது" என்பேன். "கண்ணு வச்சேன்னா உயிரும் குடுன்னு மேல கேப்பாங்க. அதுக்கு நான் எங்க போவேன்?" என்பார்.

அப்போது என் மகள் செல்விக்கு மதுராந்தகத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஸ்டூடியோ போட்டோவைப் பார்த்த தரகர், "கொஞ்சம் நெறம் கம்மி போலகீதே" என்று இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது. கையில் வெளிநாட்டுச் சாயம் இருக்க என்ன கவலை? போட்டோவுக்குப் பதில் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று, அட்டையில் கட்டம் போட்டு, போட்டோவைப் பார்த்து அவள் முகத்தை வரைந்தேன். சாயத்தில் தாராளமாக வெள்ளை கலந்தேன். தூசி படாமல் இருக்கட்டும் என்று பாய் கடைப் பின்னறையில்தான் வேலை. மண்டி விட்டதும் வந்து பூசிவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். சாவி பாயிடம்.

மறுநாள் போய்ப் பார்த்தால், நான் விட்டுப்போன நிறம் இல்லை. முகம் மங்கியிருந்தது. மறுபடி வெள்ளை பூசினேன். மறுநாளும் மங்கல். அதே மாப்பிள்ளையை நோட்டம் விட்ட இன்னொரு வீட்டுப் பெண்ணின் போட்டோவும் பாய் கடையில் பிரேமுக்கு வந்திருந்தது எனக்குத் தெரியும். அவர்களுக்காகப் பாய்தான் என் படத்தைக் கருக்கவைக்கிறார் என்று நினைத்தேன். விடுவேனா? மூன்றாம் நாள் பாய் பின்னறையைப் பூட்டியதும், கதவிடுக்கில் ஒரு நெல்மணியைச் செருகிவிட்டுப் போனேன். மறுநாள் நெல் அப்படியே இருந்தது. முகம் மங்கியிருந்தது. ஜன்னல் வழியாக நுழைந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்த ஜன்னலில் பூனை நுழைவதே கஷ்டம்.

கடையில் அவர் ஜமாத்துக்காரர்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "எம் பொண்ணு முகத்துல ஏன் பாய் சாயம் பூசுன?" என்று கத்தினேன். முகமே எழுதாத மனுஷனிடம், அதுவும் யார் முன்னால், என்ன கேட்கிறோம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. பாயின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாத்த நாடகத்துக்கு வசனம் பாத்துகினு கீறாரு. நீங்க குடிங்க."

அவர்கள் போனதும் என் வெள்ளைக் கலவையில் ஒரு சொட்டு எடுத்து அட்டையில் வைத்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார். நான் டீயைக்கூடச் சந்தேகத்தோடுதான் குடித்தேன். கிளாஸ் காலியாவதற்குள் சொட்டு காய்ந்து ஒரு படி கருத்திருந்தது. "ஈரத்துல வெளுப்பா தெரியும், காஞ்சா கருக்கும். இந்தச் சாயத்தோட கொணம் அது."

"அத ஏன் பாய் மொதல்லயே சொல்லல?"

"நீ சாயங்காலம் வெள்ளயப் பூசி அந்தப் பொண்ண வூட்ட விட்டுத் தொரத்துற. அது ராத்திரியில ஒரு அடி திரும்பி வரப் பாக்குது. நான் ஏன் குறுக்க நிக்கணும்? ஆனா ஒண்ணு, இத நான் பிரேம் போடமாட்டேன்."

கோபத்தோடு படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். செல்வி உற்றுப் பார்த்தாள். "யாருப்பா இது? இவங்களுக்குத்தான் மாப்ள பாத்துகினு கீறியா? அப்ப நான் இன்னா பண்ணட்டும்?"

வெள்ளைச் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. அடுத்த ஞாயிறு புது அட்டை. செல்வியை எதிரில் உட்காரவைத்து எழுதினேன். பாய் பிரஷ்ஷைத் தொடவில்லை. எட்ட நின்று, "ஒரு படி வெளுப்பா வை, காஞ்சா அவ வந்துடுவா" என்று மட்டும் சொன்னார். வந்தாள். அதற்கு பிரேம் போட்டார். அதுதான் மதுராந்தகம் போனது.

மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்தபோது படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். என்னைவிடச் சந்தேகக்காரி. படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "போன வூட்டுல படத்துல ஒருத்தி, நேர்ல ஒருத்தி. இங்க ஒரே பொண்ணுதான் கீது" என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை எடுத்துவரச் சொன்னார்.

நான் கத்தியதை பாய் அதன்பின் பேசவே இல்லை. என் டர்பன்டைனைச் சொல்லிக் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் சிரிக்கவைத்த மனுஷன் அவர். ஒவ்வொரு முறை அவர் வாயைத் திறக்கும்போதும், இன்றைக்கு அதை எடுத்துவிடப் போகிறார் என்று பயப்படுவேன். கல்யாணத்தில் எதிர்பார்த்தேன். பேரன் பிறந்தபோது எதிர்பார்த்தேன். சொல்லாமலே போய்விட்டார். அன்று நான் கேட்டது நாடக வசனம் என்றுதான் பஜாரில் இருக்கும் நீங்கள் எல்லோரும் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை, நிஜமாகவே கேட்டேன். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் வெளியே விடாத அந்த ஒரு பேச்சுதான். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.