குல்லாவுக்குள் இருந்த விடை

“...அந்த எடத்துல மட்டும் கத்தி படாமப் பாத்துக்குங்க தம்பி, சும்மா கொழுப்புக் கட்டிதான்” என்றபடி அவர் கம்பளிக் குல்லாவைக் கழற்றினார். மூன்று வருடங்களுக்கு முன்பு, மஞ்சூரில் என் முடிதிருத்தும் கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உச்சந்தலையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது.

அவர் டீ பேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. “நம்மூரு வெயிலு விருந்தாளியாட்டங்க, வந்ததும் கெளம்பீரும்” என்பார். அவர் சொல்வதையெல்லாம் கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தலையில் தழும்போ சொட்டையோ இருந்தால் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பக்கத்து முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, அதன் மேல் படியும்படி வாரிவிடுவோம். அவருக்கும் அதைத்தான் செய்தேன். மாதம் ஒருமுறை வருவார். கட்டி வளர வளர நானும் முடியை வளர விட்டேன். “அட, எங்க போச்சுன்னே தெரியலீங்களே!” என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த வருடமே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. என் கடைக்கு ஏறும் பத்துப் படியில் இரண்டு தடவை நின்றார். மலை இறங்கி, கோயமுத்தூரில் நெஞ்சு டாக்டரைப் பார்த்தார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று இரண்டு முறை ஊசியால் எடுத்தார்கள். என்ன நோய் என்பது மட்டும் பிடிபடவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து சதை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அவர் உடம்பு தாங்குமா என்று தயங்கினார்களாம்.

“முப்பது வருசம் மெசினைக் கழட்டிக் கோளாறு கண்டுபுடிச்சவனுங்க நானு. என்னன்னே தெரியாமப் போயிச் சேர்றதுதான் எனக்குப் புடிக்கல” என்றார்.

அவர் அதைச் சொல்லும்போது என் விரல் கட்டியின் மேல் இருந்தது. சுண்டைக்காய் இப்போது நெல்லிக்காய் ஆகியிருந்தது. எத்தனையோ தலைகளில் கொழுப்புக் கட்டியைத் தொட்டவன் நான். மெத்தென்று, விரலுக்கடியில் நழுவும். இது கல் மாதிரி, அசையவே இல்லை.

“ஏனுங்ணா, இதை அந்த டாக்டருகிட்டக் காட்டுனீங்களா?”

“அவரு நெஞ்சு டாக்டருங்க. அவருகிட்டப் போயித் தலையக் காட்டுனாச் சிரிக்க மாட்டாரா?”

“குல்லாவையாச்சும் கழட்டுனீங்களா?”

“கழட்டுனேனே. நீங்கதான் சோக்கா மூடி உட்டிருக்கீங்களே!”

எனக்குச் சுருக்கென்றது. கட்டியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு முடியை ஒட்ட வெட்டினேன். “என்னங்க இது, கோழியப் புடுங்குனாப்புல!” என்று திட்டிக்கொண்டே போனார்.

அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்டதே தலையைப் பற்றித்தானாம். கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்ததில் விடை கிடைத்துவிட்டது. நோயின் பெயரைத் தாளில் எழுதி வாங்கி வந்தார். இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். மீசோதீலியோமா. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் நெஞ்சுக்குள்ளேயே கிடப்பது, தலைத்தோலில் வந்து முளைப்பது மிகமிக அரிது என்று டாக்டரே வியந்தாராம். இந்த நோயைக் கொண்டுவரும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தீர்களா என்று அவர் கேட்டபோதுதான் இவருக்கு நினைவு வந்திருக்கிறது: தேயிலை உலர்த்தும் மெஷினின் சூட்டுக் குழாய்களில் சுற்றிய வெள்ளைக் கயிறு ஆஸ்பெஸ்டாஸ்தான். பழையதைக் கையாலேயே பிய்த்து உதறுவார்களாம்.

முன்னாலேயே காட்டியிருந்தாலும் குணமாகியிருக்காது என்று டாக்டர் சொன்னதை, எனக்காகவே இரண்டு தடவை சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. அவருக்கோ வேறு யோசனை. “நெஞ்சுல பூந்த தூசிங்க. இத்தனை வருசங் கழிச்சு மண்டைக்கு எந்த வழியில ஏறியிருக்கும்?” ரத்தத்தோடு போயிருக்கலாம் என்றார்களாம். அவருக்கு அது போதவில்லை. பேக்டரிக் குழாய்களைப் போல நெஞ்சிலிருந்து தலைவரைக்கும் தாளில் கோடு போட்டுப் பார்த்தார்.

அவர் இப்போது இல்லை. எந்தத் தலையில் என்ன தட்டுப்பட்டாலும், வாரி மறைக்கும் முன் டாக்டரிடம் காட்டினீர்களா என்று இன்று நான் கேட்டுவிடுகிறேன் என்றால், அது அவருடைய கடைசி ஞாயிறுகளில் ஒன்றில் நான் பார்த்த காட்சியால்தான். அன்று, தன்னோடு அந்தக் கயிற்றைப் பிய்த்த பழைய கூட்டாளி ஒருவரையும் கடைக்கு இழுத்து வந்திருந்தார். “கீழ் ஊட்டுக்காரன் மாடிக்குக் குடிவந்துட்டானாக்கு?” என்று அவர் மண்டைக் கட்டியைக் காட்டிக் கூட்டாளி கிண்டலடித்தார். கூட்டாளியின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“மொட்டையே அடிச்சுருங்க தம்பி” என்றார் இவர். அடித்து முடித்ததும் குல்லாவைப் பைக்குள் திணித்தார். கூட்டாளியின் கையைப் பிடித்துத் தன் கட்டியின் மேல் அழுத்தி வைத்தார். பிறகு அந்தக் கையை விடாமலே, அவருடைய நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கக் கோயமுத்தூர் பஸ் ஏற, பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார்.